அஞ்சலில் சிதைந்த தமிழ்

கிளமெண்டியில் குடியிருக்கும் நண்பர் ஒருவர் அண்மையில் மூன்று கடிதங்களை எம்மிடம் கொண்டுவந்தார். மூன்றும் அவருடைய தமையனார் எழுதியவை. தமையனார் கெடா மாநிலத்துத் தோட்டமொன்றில் தமிழ்ப் பள்ளியாசிரியராய் இருந்து மறைந்தவர். பேனாவால் எழுதித் தபால் தலை ஒட்டிப் பெட்டியிலிட்ட கடிதங்களல்ல அவை. கணினி வழியே வந்த மின்னஞ்சல்கள். முதலாவது 1999-ம் ஆண்டில் வந்தது. இரண்டாவது 2004-ம் ஆண்டில். மூன்றாவது அதற்கு அடுத்த ஆண்டில். முன்னிரண்டையும் வந்த நாளில் நண்பர் நன்றாகப் படித்திருக்கிறார். படித்து முடித்துக் கோப்பாகச் சேமித்தும் வைத்திருக்கிறார். இன்று தம் பிள்ளைகளுக்குக் காட்டலாமென்று திறந்தால், தமிழெழுத்து ஒன்றுகூட இல்லை.

முதற் கடிதத்தில் பிரெஞ்சுக்காரர் எழுத்துகளும் கோணல் குறிகளும் கும்பலாய் நின்றன. இரண்டாவதில், தலைமேல் சாய்கோடு தாங்கிய ஆங்கில ‘ஏ’ எழுத்தும், வட்டத்துக்குள் அடைபட்ட ‘ஆர்’ எழுத்தும் வரிக்கு நூறு முறை மாறிமாறி வந்தன. மூன்றாவதில் கேள்விக்குறிகளே இருந்தன, வேறொன்றுமில்லை. “எழுத்தெல்லாம் அழுகிப் போயிற்று. இவற்றை அழித்துவிடலாமா?” என்று நண்பர் கேட்டார். “அழிக்காதீர், ஓர் எழுத்தையும் தொடாதீர்” என்றோம்.

நண்பருக்கு நேர்ந்தது அவர் ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1990-ம் ஆண்டுகளிலும் அதற்கு அடுத்த பத்தாண்டுகளிலும் கோலாலம்பூரிலிருந்தும், கண்டியிலிருந்தும், தொராண்டோவிலிருந்தும், சென்னையிலிருந்தும் தமிழர் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்களில் பெரும்பகுதி இந்நிலையில்தான் பழைய வட்டுகளில் உறங்குகின்றது. அக்கடிதங்கள் எங்ஙனம் கெட்டன, அவற்றை எங்ஙனம் மீட்கலாம் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

கணினிக்கு எழுத்துத் தெரியாது. அது அறிந்தது எண் ஒன்றே. ‘அ’ என்று நாம் தட்டினால் அது ஓர் எண்ணை எழுதிக்கொள்ளும். கடிதம் என்று நாம் அனுப்புவது எண்களின் வரிசையையே. பெறுபவர் கணினி அந்த எண்களைத் தன்னிடமுள்ள பட்டியலோடு ஒப்பிட்டு, இந்த எண்ணுக்கு இந்த எழுத்து என்று திரையில் வரையும். அனுப்பியவர் பட்டியலும் பெறுபவர் பட்டியலும் ஒன்றாயிருந்தால் கடிதம் கடிதமாய் நிற்கும். இரண்டும் வேறாயின், ‘அ’ இருந்த இடத்தில் பிரெஞ்சுக் கோணக்குறி நிற்கும். எழுத்து அழுகவில்லை, பட்டியல் மாறிற்று.

முதற் பட்டியல் அமெரிக்கர் செய்தது. 1963-ம் ஆண்டில் பிறந்த ‘ஆஸ்கி’ என்னும் அப்பட்டியலில் 128 இடங்களே உண்டு. ஆங்கில எழுத்து, எண், நிறுத்தற்குறி ஆகியவற்றோடு அது நிறைந்துவிட்டது. 1982-ம் ஆண்டில் ஜொனத்தன் போஸ்டெல் என்பவர் மின்னஞ்சல் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குச் செல்லும் விதிகளை எழுதினார். அவ்விதிகளும் அந்த 128 இடங்களை நம்பியே எழுந்தன. ஒவ்வோர் எழுத்துக்கும் ஏழு துண்டு போதும். எட்டாவது துண்டு வேண்டுவதில்லை என்பது அக்கால எண்ணம். எனவே எட்டாவது துண்டோடு வரும் கடிதத்தைக் கண்டால், வழியிலுள்ள இடைநிலைக் கணினிகள் சில அத்துண்டை வெட்டியெறிந்துவிட்டு மிச்சத்தை அனுப்பிவைத்தன. இதில் தமிழர்மேல் பகைமை ஏதுமில்லை. பந்தி போட்ட அன்று நாம் ஊரில் இல்லை, இலையும் போடவில்லை. ஜெர்மானியருக்கும் ஜப்பானியருக்கும் அரபியருக்கும் அதே கதிதான்.

எழுத்து இயந்திரத்தில் ஏற மறுத்தது தமிழருக்கு அன்று புதிதுமன்று. தந்தியில் வந்த மரணச் செய்தியை ஆங்கில எழுத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தவர்கள் நம் பாட்டன்மார். யாழ்ப்பாணத்தில் 1886-ம் ஆண்டில் பிறந்து, பிழைப்புக்காக மலாயாவுக்கு வந்து, சிங்கப்பூரில் வேலை பார்த்த ஆர். முத்தையா என்பவரே தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு வழி கண்டவர். இருநூற்று நாற்பத்தேழு எழுத்தை ஐம்பதுக்கும் குறைந்த விசைகளில் அடக்குவது எப்படி? கொம்பைத் தனியே, காலைத் தனியே, புள்ளியைத் தனியே வைத்தார். ‘கெ’ என்று அடிக்க வேண்டின் முதலிற் கொம்பைத் தட்டிப் பின்னர்க் ‘க’வைத் தட்டவேண்டும். கண்ணுக்குத் தெரியும் வரிசையே கைக்கும் வரிசை. இந்த வழக்கம் பின்னால் கணினிக்குள்ளும் நுழைந்தது. அதன் விளைவைப் பின்னர்க் காண்போம்.

எழுத்தைத் திருத்தலாம் என்று துணிந்து சொன்னவர் பெரியார். 1935-ம் ஆண்டில் ‘குடி அரசு’ இதழில் ணா, றா, னா, லை, னை முதலிய எழுத்துகளை இன்று நாம் எழுதும் வடிவில் அச்சிட்டுக் காட்டினார். அச்சுக்கோப்பவனுக்கு வார்ப்பெழுத்துக் குறையும். கற்கும் குழந்தைக்குப் பளு குறையும். இயந்திரத்தில் ஏறும் என்பது அவர் வாதம். பழைய வளைவுகளை விட்டால் தமிழே போய்விடும் என்று வாதாடிய புலவர்கள் பலர். தமிழ்நாட்டு அரசு அவ்வடிவங்களை ஏற்க 1978-ம் ஆண்டு ஆயிற்று. சிங்கப்பூரும் பின்னர் ஏற்றது. தமிழ் போகவில்லை. தமிழைத் தாயென்றும் தெய்வமென்றும் ஏத்துவோர் நம்மில் மிகுதி. அத்தாயின் பெயரை இயந்திரத்தில் ஏற்ற ஒரு விசையை நகர்த்தித் தருவோர் எக்காலத்திலும் சிலரே.

கணினி வீட்டுக்கு வந்தபோது அந்தச் சிலரும் தனித்தனியே உழைத்தனர். வந்த கேடு அதுதான். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-ம் ஆண்டிலேயே ‘முரசு’ என்னும் மென்பொருளைத் தொடங்கினார். சுவிட்சர்லாந்திலிருந்த கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவைச் செய்து இலவசமாய்க் கொடுத்தார். ஈழத்தமிழரிடையே ‘பாமினி’ பரவிற்று. சென்னையில் கடைக்கு ஓர் எழுத்துரு, பத்திரிகைக்கு ஓர் எழுத்துரு. உழைப்புப் பெரிது, வணக்கத்துக்குரியது. ஆனால் ஒவ்வொருவரும் தத்தம் பட்டியலையும் தாமே வகுத்தனர். ஊருக்கு ஒரு கிணறு போதாதென்று சாதிக்கொரு கிணறு வெட்டிய சமூகமல்லவா! ‘பாமினி’யில் எழுதிய கடிதத்தை ‘மயிலை’யாற் படிக்க இயலாது, ‘மயிலை’யில் எழுதியதைப் பிறிதொன்றாற் படிக்க இயலாது.

‘பாமினி’ ஆங்கில எழுத்தின் இடத்திலேயே தமிழை உட்கார வைத்த எழுத்துரு. எழுத்துரு இல்லாத கணினியில் ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துகளாயும் இறுதியில் ஓர் அரைப்புள்ளியாயும் தோன்றும். ‘அம்மா’ என்ற சொல், எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வரும். நாடு விட்டு ஓடிய பிள்ளை தாய்க்கு எழுதிய கடிதத்தின் முதற் சொல்லே இப்படி வந்து நின்றால் யாருக்குத்தான் சலிப்பு வராது? சலித்த பலர் தமிழை விட்டார்கள். ஆங்கில எழுத்தில் தமிழொலியை எழுதினார்கள். பின் ஆங்கிலத்திலேயே எழுதினார்கள். ஒரு தலைமுறையின் கடிதப் பழக்கம் இந்த அரைப்புள்ளியில் அறுந்தது என்று சொன்னாலும் மிகையாகாது.

இனிக் கிளமெண்டிக்குத் திரும்புவோம். ஆங்கில ஆளுநரின் பெயர் தாங்கிய கிளமெண்டிச் சாலைக்கு முன்னாளில் ‘ரிஃபார்மட்டரி’ சாலை என்று பெயர். வழிதவறிய சிறுவரைத் திருத்துவதற்கென்று அங்கே ஒரு விடுதி இருந்தது. அச்சாலையின் தென்பகுதியை ஒட்டிய கெண்ட் ரிட்ஜ் குன்றின்மேல் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. தமிழெழுத்தின் இணையத் திருத்தத்துக்கும் அந்தக் குன்றே ஒரு விடுதியாயிற்று.

அங்கே டான் டின் வீ என்னும் சீனப் பேராசிரியர், உயிர்வேதியியல் கற்பித்தவர், இணைய ஆய்வுப் பிரிவொன்றை நடத்தி வந்தார். சீனமும் தமிழும் திரையில் வரவேண்டும் என்பதில் அவருக்கு வேட்கை. அவரோடு சேர்ந்து உழைத்த தமிழர் நா. கோவிந்தசாமி. கோவிந்தசாமி 1946-ம் ஆண்டில் பிறந்தவர், பொறியியல் கற்றவரல்லர், சிறுகதையாசிரியர், தேசியக் கல்விக் கழகத்தில் தமிழாசிரியர்களைப் பயிற்றியவர். கதை எழுதுகிற கை கணினி நிரலில் இறங்கியது ஏன்? தம் கதையைத் தட்டச் சரியான கருவி இல்லாதவனுக்கன்றோ கருவியின் அருமை தெரியும்! ‘கணியன்’ என்று சங்கப் புலவர் ஒருவரை நினைவூட்டும் பெயரிட்டு எழுத்துருவும் விசைப்பலகையும் ஆக்கினார். 1995-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் சிங்கப்பூர்க் கவிதைத் தொகுப்பொன்று நாட்டின் நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏறிற்று. அதனைத் தொடங்கி வைத்தவர் குடியரசுத் தலைவர் ஓங் டெங் சியோங். இணையத்தில் முதன்முதல் எழுந்த தமிழ்ப் பக்கங்களில் ஒன்றாக அது போற்றப்படுகின்றது.

1997-ம் ஆண்டு மே மாதத்தில் கோவிந்தசாமியும் அவர் தோழர்களும் சிங்கப்பூரில் ஒரு கருத்தரங்கு கூட்டினர். ‘தமிழ்நெட் 97’ என்பது அதன் பெயர். தனித்தனியே பட்டியல் வகுத்தவர்கள் முதன்முறையாக ஒரே கூரையின்கீழ் அமர்ந்து முகம் பார்த்துப் பேசினர். ஒரே பட்டியல் வேண்டும், ஒரே விசைப்பலகை வேண்டும் என்ற பேச்சு அங்கே வலுத்தது. பேச்சு ஒன்று, இசைவு வேறு. 1999-ம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் சென்னையில் கூடிய அடுத்த மாநாட்டில் தமிழ்நாட்டு அரசு ‘தாம்’, ‘தாப்’ என்னும் இரு பட்டியல்களையும் ‘தமிழ்99’ விசைப்பலகையையும் முன்வைத்தது. அதே காலத்தில் சிட்னியிலிருந்து பாலா பிள்ளை நடத்திய ‘தமிழ்.நெட்’ மடற்குழுவைச் சேர்ந்த அன்பர்கள் ஆண்டுக்கணக்கில் விவாதித்து ‘திஸ்கி’ என்னும் பட்டியலை வகுத்தார்கள். அயலகத் தமிழர் ‘திஸ்கி’யைப் பற்றினர், அரசு அலுவலகங்கள் ‘தாப்’பைப் பற்றின. ஒன்று வேண்டுமென்று புறப்பட்டு மூன்றாயிற்று! கோவிந்தசாமி அந்த ஆண்டு மே மாதத்திலேயே மறைந்தார். முடிவைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

‘திஸ்கி’யின் பெருமையையும் சொல்ல வேண்டும். 1998-ம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை அந்தப் பட்டியலில் ஏற்றி உலகுக்கெல்லாம் இலவசமாய் வழங்கியது. ‘முரசு அஞ்சல்’ அப்பட்டியலில் மின்னஞ்சலை எளிதாக்கிற்று. நண்பரின் தமையனார் 1999-ல் எழுதிய முதற் கடிதம் அதனால் ஆனதே.

‘திஸ்கி’யின் உள்ளமைப்பு விந்தையானது. முதல் 128 இடத்தில் ஆங்கிலத்தை அப்படியே விட்டு, எட்டாவது துண்டைக் கொண்டு கிடைக்கும் மேல் 128 இடத்தில் தமிழை அடக்கிற்று. அங்கே ‘அ’வுக்கு இடம் 171. மேலை ஐரோப்பியப் பட்டியலில் 171 என்பது பிரெஞ்சுக்காரரின் இரட்டைக் கோண மேற்கோள். ஆகவே முதற் கடிதத்தில் ‘அ’ தோன்ற வேண்டிய இடமெல்லாம் அக்கோணக் குறி நின்றது. எட்டாவது துண்டை வெட்டும் பழைய இடைநிலைக் கணினி வழியாகக் கடிதம் சென்றிருப்பின், 171-ல் 128 கழிந்து 43 ஆகும். 43 என்பது கூட்டல் குறி. ‘அண்ணன்’ கூட்டல் குறியோடு தொடங்குவான்.

இன்னும் வேடிக்கை ‘இ’யின் கதை. அதற்குக் கிடைத்த இடம் 173. மேலை நாட்டார் பட்டியலில் அவ்விடம் வரியிறுதியில் சொல்லை உடைக்கும் மென்கோட்டுக்குரியது. வரியின் நடுவில் அக்கோடு தோன்றக்கூடாதென்று நிரல்கள் அதனை மறைத்துவிடும். விளைவு, ‘இ’ மட்டும் காணாமற் போயிற்று. ‘இங்கே’ என்று எழுதினால் ‘ங்கே’ என்று வந்தது. பின்னர் வந்த ‘திஸ்கி’ப் பதிப்பில் ‘இ’யை 254-ம் இடத்துக்குக் குடிபெயர்த்தார்கள். பிறரது பட்டியலின்மேல் குடிசை போட்டவன் அடிக்கடி மூட்டை கட்டத்தான் வேண்டும்.

சொந்த மனை உலகப் பட்டியலில் இருந்தது. ‘யூனிக்கோடு’ எனப்படும் ஒருங்குறி 1991-ம் ஆண்டில் வெளிவந்தபோதே உலக மொழிகளின் வரிசையில் தமிழுக்கும் 128 இடம் ஒதுக்கியிருந்தது. 2944 முதல் 3071 வரையுள்ள எண்கள் நம்முடையவை. ‘த’வின் எண் 2980. இவ்வெண்ணை வேறொரு மொழியும் உரிமை கொண்டாடாது. அப்படியாயின் பத்தாண்டு காலம் நாம் ஏன் அதனைத் தொடவில்லை? கணினிகள் அதனை வரையக் கற்கவில்லை என்பது ஒரு காரணம். ஒருங்குறியில் ‘கெ’ என்பது முதலில் ‘க’, பின்னர்க் கொம்பு; ஒலியின் வரிசை. கொம்பை முன்னே கொண்டுவந்து வரைவது கணினியின் பொறுப்பு. முத்தையாவின் பொறி வழியே வந்த ‘திஸ்கி’யோ கொம்பை முதலிலேயே எழுதிவைத்தது. ஒருங்குறித் தமிழை முறைப்படி வரையும் ஆற்றல் ‘விண்டோஸ் 2000’ வந்த பின்னரே பொதுமக்களுக்குக் கிட்டிற்று. இன்றைக்கும் நம் நகரத்து விளம்பரத் தாள்களில் கொம்பு பின்னாலும் கால் தனியாகவும் தொங்குவதை அவ்வப்போது காண்கிறோமே, அது தமிழறியாத பழைய அச்சுக்கோப்பு நிரல் செய்யும் கூத்து.

மற்றொரு காரணம் நம்முடைய பிணக்கு. உயிர்மெய்க்குத் தனியிடம் தராத பட்டியல் தமிழுக்கு இழுக்கு என்று பலர் சினந்தார்கள். அவர்கள் சொன்னதில் பொருளில்லாமலில்லை. ‘தமிழ்’ என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்கு ஒருங்குறியில் ஐந்து எண் வேண்டியிருக்கிறது. ஆயினும் உலகம் முழுதும் ஒப்பிய பட்டியலில் குறையோடு இருப்பது, நமக்கு நாமே வகுத்த நிறைவான பட்டியலில் தனித்திருப்பதைக் காட்டிலும் மேல் என்பதே எமது கருத்து. 2000-ம் ஆண்டு ஜூலை மாதத்தில் சிங்கப்பூரில் மீண்டும் மாநாடு கூடியது. ‘உத்தமம்’ என்னும் உலகத் தமிழ் அமைப்பு அங்கே பிறந்தது. தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியை முறைப்படி ஏற்றது 2010-ம் ஆண்டு ஜூன் மாதத்தில். உயிர்மெய்க்கும் தனியிடம் தரும் வேறொரு பட்டியலையும் உடன் வைத்துக்கொண்டது.

ஒருங்குறி எண் பெரியது. அஞ்சலில் செல்லும் பெட்டி சிறியது. ஒரு பெட்டியில் 255-க்கு மேல் ஏறாது. பெரிய எண்ணைச் சிறு பெட்டிகளிற் பிரித்து வைக்கும் உபாயத்தை 1992-ம் ஆண்டில் கென் தாம்சனும் ராப் பைக்கும் நியூ ஜெர்சி உணவு விடுதியொன்றில் அமர்ந்து வகுத்தனர். ‘யூ.டி.எஃப்.-8’ என்பது அதன் பெயர். அதன்படி ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பெட்டி. ‘த’ என்பது 224, 174, 164. எந்தத் தமிழெழுத்தை எடுத்தாலும் முதற் பெட்டியில் 224; அடுத்ததில் 174 அல்லது 175. இப்போது இரண்டாவது கடிதத்தை நினைத்துப் பாருங்கள். மேலைப் பட்டியலில் 224 என்பது சாய்கோடு தாங்கிய ‘ஏ’; 174 என்பது வட்டத்துக்குள் அடைபட்ட ‘ஆர்’. வரிக்கு நூறு முறை அவ்விரண்டும் மாறிமாறி வந்ததன் மருமம் இதுவே. அந்த இணையைக் கண்டால், ‘இதோ, உள்ளே முழுத் தமிழ் பழுதின்றி இருக்கின்றது’ என்று மகிழ வேண்டுமேயன்றி அழிக்கப் புகலாகாது.

எந்தப் பட்டியல் என்பதைப் பெறுபவர் கணினி எப்படி அறியும்? கடிதத்தின் தலைப்பில் எழுதவேண்டும். 1992-ம் ஆண்டில் வகுத்த ‘மைம்’ என்னும் விதி, ஒவ்வொரு மின்னஞ்சலும் தன் எழுத்துப் பட்டியலின் பெயரைத் தலைப்பிலே தாங்கிச் செல்ல இடம் செய்தது. எட்டாவது துண்டை வெட்டும் கணினியையும் தப்பிச்செல்ல, எழுத்துகளை வெறும் ஆங்கிலக் குறிகளாய் மாற்றிக் கட்டும் முறையையும் கொடுத்தது. ‘திஸ்கி’க் கடிதங்கள் இந்த விதிக்குப் பொய் சொன்னவை. தமிழ்ப் பட்டியலின் பெயர் உலகப் பதிவேட்டில் அன்று இல்லாமையால், மேலை ஐரோப்பிய எழுத்து என்று தலைப்பில் எழுதிக்கொண்டு உள்ளே தமிழை வைத்தன. பெறுபவர் கணினியில் ‘திஸ்கி’ எழுத்துரு இருந்தவரை பொய் செல்லுபடியாயிற்று. எழுத்துரு போனதும் வெளிப்பட்டது. ‘திஸ்கி’யின் பெயர் அப்பதிவேட்டில் ஏறியது 2007-ம் ஆண்டில், அதற்குள் அதன் காலம் பெரும்பாலும் முடிந்துவிட்டது.

நண்பரின் கடிதங்களுக்கு மருந்து கண்டதையும் சொல்லிவிடுகிறோம். உங்கள் வீட்டிலும் இவை இருக்கக்கூடும். முதலில் கோப்புகளைப் படியெடுத்து வைத்துக்கொண்டோம். சிதைந்த கடிதத்தைத் திருத்திச் சேமித்தாலோ, அப்படியே பிறருக்கு மேலனுப்பினாலோ, சிதைவு நிலைத்துவிடும்; மூலத்தைத் தொடலாகாது. இரண்டாவது கடிதத்துக்கு வைத்தியம் ஒரு நொடியில் முடிந்தது. கடிதம் சேமிக்கப்பட்டபோது தலைப்பு கழன்றிருந்தது. பட்டியலின் பெயர் தெரியாமல் கணினி மேலை எழுத்து என்று ஊகித்துக்கொண்டது. கோப்பைத் திறக்கும்போதே ‘யூ.டி.எஃப்.-8’ என்று தேர்ந்தெடுத்தோம். தமிழ் வந்து நின்றது. அஞ்சல் நிரல்கள் பலவற்றில் ‘காட்சி’ப் பட்டியின்கீழ் ‘எழுத்துக் குறியேற்றம்’ என்றோ ‘குறியேற்றத்தைச் சீராக்கு’ என்றோ இதற்கெனவே ஒரு கட்டளை உண்டு. எழுத்துக்குப் பதிலாக வெறும் கட்டங்கள் தோன்றினால் நோய் இன்னும் எளிது. கடிதமும் பட்டியலும் சரி, எழுத்துருதான் இல்லை. ஒரு தமிழ் எழுத்துருவை நிறுவினால் தீர்ந்தது.

முதற் கடிதத்துக்குச் சற்றுப் பாடுபட வேண்டியிருந்தது. எழுத்து எந்தப் பட்டியலைச் சேர்ந்தது என்பதை முதலில் கண்டறிய வேண்டும். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாய் இருந்தால் ‘பாமினி’ என்று ஐயுறலாம். மேற்குறி தாங்கிய எழுத்துகள் மிகுந்திருந்தால் ‘திஸ்கி’ அல்லது ‘தாப்’. பழைய பட்டியலிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றித்தரும் கருவிகளைத் தமிழன்பர்கள் செய்து வைத்திருக்கிறார்கள். ‘பொங்குதமிழ்’ மாற்றியும் ‘என்.எச்.எம்.’ மாற்றியும் பெயர் பெற்றவை. ‘தாப்’ என்று சொல்லி மாற்றினோம். வேறொரு குப்பை வந்தது. ‘திஸ்கி’ என்று சொன்னோம். “தம்பிக்கு அநேக ஆசீர்வாதம்” என்று தொடங்கிக் கடிதம் எழுந்தது. வெட்டுமரத்துப் பால் விலை, பள்ளிக்கூரை ஒழுகுவது, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எத்தனை பேர் தேறினார்கள் என்பது, தாயாரின் கண்ணறுவை, எல்லாம் அதில் இருந்தன. நண்பரின் மகள் உரக்கப் படித்தாள். சில இடங்களில் தடுமாறினாள். அது கணினியின் குற்றமன்று.

மூன்றாவது கடிதம் தமையனார் நேராக அனுப்பியதன்று. உடல் நலங்குன்றியிருந்தபோது உறவினர் ஒருவரிடம் தட்டிக் கொடுத்ததை, அவர் தாம் வேலை பார்த்த இடத்து அஞ்சல் நிரல் வழியே மேலனுப்பியிருக்கிறார். அந்த நிரலின் பட்டியலில் தமிழில்லை. தன்னிடம் இல்லாத எண் ஒவ்வொன்றையும் அழித்துவிட்டு, அந்த இடத்தில் 63 என்று ஒரே எண்ணை அது எழுதிவைத்தது. 63 என்பது கேள்விக்குறி. ‘அ’வும் ‘க’வும் ‘ற’வும் எல்லாம் 63. எந்த மாற்றியாலும் அதைத் திருப்ப இயலாது. திருப்புவதற்கு அதற்குள் ஒன்றுமில்லை. வந்த அன்றே அது அப்படித்தான் இருந்ததாம். அண்ணனிடம் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளலாமென்று நண்பர் விட்டுவிட்டாராம்.

அனுப்பிய உறவினரிடம் மூலம் இருக்கிறதா என்று கேட்டு எழுதியிருக்கிறார். இடைவெளியும் முற்றுப்புள்ளியும் மட்டும் அக்கடிதத்தில் கெடாமல் நிற்கின்றன. ஆகையால் வாக்கியம் எத்தனை என்று எண்ணலாம், எண்ணினோம். பதினேழு வாக்கியம்.